சிறப்புத் தேவையுடைய குழந்தைகளும் விளையாட்டுப் பொருள்களும்: மட்டாஞ்சேரி தரும் பாடம்

டிசம்பர் திங்கள் பிறந்துவிட்டால் கொச்சித் துறைமுகத்தை அடுத்த ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிப் பகுதிகளின் தோற்றமே மாறிவிடும். வீட்டு வாயில்களில் காகித நட்சத்திரங்கள் ஒளிரும். முற்றங்களில் இயேசு பிறப்பைக் காட்டும் புல்கூடுகள் எழும். 1984ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் கொச்சிக் கார்னிவல், ஆண்டின் கடைசி நள்ளிரவில் 'பப்பாஞ்ஞி' என்னும் கிழவர் உருவத்தை எரிப்பதோடு உச்சநிலையை எட்டும். மலையாளம், கொங்கணி, குசராத்தி, தமிழ் எனப் பல மொழிகள் பேசுவோர் நெருங்கி வாழும் இப்பகுதியில் கிறிஸ்துமஸ் ஒரு சமயத்தாரின் விழாவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. குழந்தைகளுக்குப் பரிசளிக்கும் காலமாக அதனை அனைவருமே கொண்டாடுகின்றனர். கடைகளில் பொம்மைகளும் மின்னணு விளையாட்டுக் கருவிகளும் குவிகின்றன.

இந்தக் குவியலில் சிறப்புத் தேவையுடைய ஒரு குழந்தைக்கு ஏற்ற பொருள் எது என்னும் வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. பெற்றோர், ஆசிரியர், பரிசு வழங்கும் அலுவலகச் சங்கங்கள், கொள்முதல் செய்யும் அரசு அலுவலர் ஆகிய அனைவரும் இவ்வினாவை எதிர்கொள்கின்றனர். அதற்கு முறையாக விடை காணும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பரிசின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்பு, இக்கட்டுரையாசிரியர் பணி நிமித்தம் கொச்சியில் தங்கியிருந்தபோது, மட்டாஞ்சேரியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் இல்லத்திற்குச் செல்ல நேர்ந்தது. அவ்வீட்டின் ஒன்பது வயதுச் சிறுவன் மூளை முடக்குவாதத்தால் கைகளின் இயக்கம் குன்றியவன். முந்தைய கிறிஸ்துமஸின்போது அலுவலக நண்பர்கள் சிலர் பணம் சேர்த்து அவனுக்கு ஒரு மின்னணு இசைப்பலகையை வாங்கி அளித்திருந்தோம். அந்த நண்பர்களுள் இக்கட்டுரையாசிரியரும் ஒருவர். விலை உயர்ந்த பொருள். பல வண்ண விளக்குகள் கொண்டது. ஓராண்டு கழிந்த பின்னரும் அது பெட்டியுடன் அலமாரியின் மேல் இருந்தது. அதன் விசைகளை அழுத்துமளவு வலிமை அவனுடைய விரல்களுக்கு இல்லை. அழுத்த முயன்றபோதெல்லாம் பலகை மேசையிலிருந்து நழுவியது. அவனுடைய தங்கை அதனை வாசித்தாள்; அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரணம் வினவியபோது தாயார் தயக்கத்துடன் சொன்னார்: "நல்ல பொம்மைதான் சார். ஆனால் அது இவனுக்காக வாங்கின பொம்மை இல்லை."

அச்சிறுவன் உண்மையில் எதனைக் கொண்டு விளையாடினான் என்பதையும் அவர் காட்டினார். ஏலம், கிராம்பு, சுக்கு, பட்டை ஆகியவற்றைத் தனித்தனியே சிறு துணிப் பைகளில் இறுகத் தைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பைகள் செய்து வைத்திருந்தார். முகர்ந்து பார்த்து ஒத்த மணமுடைய இணையைக் கண்டுபிடிப்பது ஆட்டம். நறுமணப் பொருள் வாணிகத்தால் பெயர்பெற்ற ஊரில் அதற்குச் செலவு மிகக் குறைவு. சிறுவன் முழங்கையால் பையைத் தள்ளித் தன் விடையைத் தெரிவித்தான். தங்கையைத் தோற்கடித்தபோது வாய்விட்டுச் சிரித்தான்.

நண்பர்கள் அளித்த பரிசில் அன்புக்குக் குறைவில்லை. ஆராய்ச்சிதான் குறைவாக இருந்தது. பொருளின் விலையையும் அழகையும் கருதிய நாங்கள், அக்குழந்தையின் கை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று ஒருமுறையேனும் கேட்கவில்லை.

விளையாட்டு ஓர் உரிமை

விளையாட்டை ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று கருதும் மனப்பான்மை இன்னும் மறையவில்லை. ஆயின் குழந்தையின் உடலியக்கம், மொழி, சிந்தனை, பிறரோடு பழகும் பண்பு ஆகிய அனைத்தும் விளையாட்டின் வாயிலாகவே வளர்கின்றன. ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமையாக ஏற்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் இவ்வுடன்படிக்கையை ஏற்றது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, மாற்றுத்திறனுடைய குழந்தைகளும் ஏனைய குழந்தைகளுக்குச் சமமாக விளையாட்டில் பங்கேற்க வழிசெய்யுமாறு அரசுகளைப் பணிக்கிறது. இதனை நம் நாடு 2007 அக்டோபரில் உறுதி செய்தது. இதன் தொடர்ச்சியாக இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முன்னைய சட்டத்தில் 7 வகைகளாக இருந்த குறைபாடுகள் இச்சட்டத்தில் 21 வகைகளாக விரிவாக்கப்பட்டன.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை 2.68 கோடி; மொத்த மக்கள்தொகையில் இது 2.21 விழுக்காடு. கேரளத்தில் மட்டும் ஏறத்தாழ 7.62 லட்சம் பேர் இவ்வாறு கணக்கிடப்பட்டனர். ஆறு வயதிற்குட்பட்டோர் மட்டும் நாடெங்கும் 20 லட்சத்திற்கு மேற்பட்டிருந்தனர். அக்கணக்கெடுப்பு 8 வகைக் குறைபாடுகளையே பதிவு செய்தது என்பதை நினைவிற் கொண்டால், உண்மையான தேவை இவ்வெண்களைவிடப் பெரிது என்பது விளங்கும்.

மூன்று வகை வயது

விளையாட்டுப் பொருளின் அட்டையில் '3 வயதிற்கு மேல்', '8 வயதிற்கு மேல்' என அச்சிடப்பட்டிருக்கும். பொதுவான வளர்ச்சியுடைய குழந்தையைக் கருத்திற் கொண்டு இடப்பட்ட குறிப்பு இது. சிறப்புத் தேவையுடைய குழந்தையின்பால் இதனை அப்படியே பொருத்த இயலாது. அக்குழந்தைக்கு மூன்று வயதுகள் உள்ளன எனக் கொள்வது தெளிவு தரும்.

முதலாவது, பாதுகாப்பு வயது. பத்து வயதுச் சிறுமி கையில் கிடைத்த எதனையும் வாயிலிடும் வழக்கம் உடையவளாயின், பாதுகாப்பைப் பொறுத்தவரை அவள் மூன்று வயதுக்கு உட்பட்டவளே. சிறு உறுப்புகள் கழன்று வரும் பொருள்களை அவளுக்கு அளித்தல் ஆகாது.

இரண்டாவது, திறன் வயது. பொருளை இயக்கத் தேவையான பிடி, அழுத்தம், கவனம், நினைவாற்றல் ஆகியவை குழந்தையிடம் எந்த அளவில் உள்ளன என்பதை இது குறிக்கும்.

மூன்றாவது, விருப்ப வயது. அறிவுத்திறன் குறைபாடுடைய பதினைந்து வயது இளைஞனுக்குக் கிலுகிலுப்பையைப் பரிசளிப்பது அவனை அவமதிப்பதாகும். அவன் தன் வயதொத்த தோழர்கள் விரும்பும் இசை, பந்தாட்டம், நிழற்படம் ஆகியவற்றையே விரும்புவான். பெரிய பொத்தான்கள் கொண்ட இசைக்கருவியோ எளிதில் இயக்கத்தக்க புகைப்படக் கருவியோ அவனுடைய திறனுக்கும் மதிப்பிற்கும் ஒருங்கே பொருந்தும்.

பாதுகாப்பு வயதுக்கேற்பப் பொருளை வடிகட்டி, திறன் வயதுக்கேற்ப அதன் இயக்கத்தை ஆராய்ந்து, விருப்ப வயதுக்கேற்ப அதன் உருவத்தையும் பொருண்மையையும் தெரிவு செய்தல் வேண்டும். இவ்வரிசை மாறினால் தவறு நேரும்.

தேவைக்கேற்ற தெரிவு

கை இயக்கம் குன்றிய குழந்தைகளுக்குப் பொருள் நழுவாதிருத்தல் முதல் தேவை. அடியில் உறிஞ்சுகுமிழ் உடையவையும், வழுக்காத ரப்பர் விரிப்பின்மேல் வைக்கத்தக்கவையும் ஏற்றவை. தூரிகை, மட்டை முதலியவற்றின் கைப்பிடியைத் துணியாலோ பழைய சைக்கிள் டியூபாலோ சுற்றித் தடிமனாக்கினால் பிடிப்பது எளிதாகும். சிறு அசைவிற்கும் பெரிய விளைவு தரும் பொருள்கள் இவர்களுக்கு மிகுந்த ஊக்கம் அளிக்கின்றன.

பார்வைக் குறைபாடுடையோருக்கு ஒலியும் தொடுவுணர்வும் வழிகாட்டும். உள்ளே மணி வைத்த பந்து, வேறுபட்ட பரப்புகள் கொண்ட கட்டைகள், புள்ளிகள் மேடாக அமைந்த பகடை ஆகியவை பயன்படும். பார்வையற்றோருக்கான சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும். காய்கள் குழிகளில் செருகப்படும். கறுப்புக் காய்களின் உச்சியில் தொட்டுணரத்தக்க ஓர் அடையாளம் இருக்கும். ஓரளவு பார்வை உள்ளவர்க்குக் கறுப்பு–மஞ்சள் போன்ற அடர்ந்த நிற வேறுபாடு உதவும். நம் பல்லாங்குழி இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. குழிகளைக் கையால் தடவியே எண்ண முடியும். பார்வையுள்ளவரும் அற்றவரும் ஒரே பலகையில் ஆட முடியும். காய்களை விழுங்கும் அச்சமுடைய குழந்தைக்குச் சோழிக்குப் பதிலாகப் பெரிய மர உருண்டைகளையும் அகன்ற குழிகளையும் அமைத்துக்கொள்ளலாம்.

செவித்திறன் குறைந்தோருக்கு ஒளியாலும் அதிர்வாலும் விடைதரும் பொருள்கள் பொருந்தும். கேரள அரசு 2012இல் தொடங்கிய 'சுருதிதரங்கம்' திட்டத்தின்கீழ் உட்செவி நத்தை எலும்புக் கருவி பொருத்தப்பெற்ற குழந்தைகள் பலர் உள்ளனர். இக்கருவியில் காந்தம் அமைந்திருப்பதால், வலுவான காந்தம் கொண்ட விளையாட்டுப் பொருளைத் தலையருகே கொண்டுசெல்லக் கூடாது. மூளையில் சேரும் நீரை வடிக்கும் குழாய் பொருத்தப்பெற்ற குழந்தைகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். சில வகைக் குழாய்களின் அளவமைப்பைக் காந்தம் மாற்றிவிடக்கூடும்.

தற்சார்பு நிலை எனவும் ஆட்டிசம் எனவும் வழங்கும் நிலையிலுள்ள குழந்தைகளுள் சிலருக்குத் திடீர் ஒலியும் மின்னி மறையும் விளக்குகளும் துன்பம் தருகின்றன. மற்ற குழந்தைகளை மகிழ்விக்கும் வியப்பே இவர்களை அச்சுறுத்தலாம். ஆதலின் பரிசின் படத்தை முன்கூட்டியே காட்டுதல் நன்று. அக்குழந்தை தொடர்வண்டியையோ மின்விசிறியையோ மட்டுமே விரும்பினால் அவ்விருப்பத்தைத் தடுப்பதைவிட, அதனையே பிறரோடு சேர்ந்து ஆடும் ஆட்டத்திற்கு வாயிலாக்குவது பயனளிக்கும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் சிறு குறிப்பு ஒன்றுண்டு. பெட்டியை முதல்நாளே திறந்து, கட்டுக் கம்பிகளை நீக்கி, மின்கலத்தைப் பொருத்தி, கருவி இயங்குகிறதா எனச் சோதித்து, மீண்டும் பொதிந்து வைக்க வேண்டும். பரிசைப் பெற்ற பின் அரைமணி நேரம் காத்திருப்பது பல குழந்தைகளுக்கு இயலாத செயல்.

மின்னணு விளையாட்டுகள்

மின்னணுக் கருவிகளின் சிறப்பு, அவை குறைந்த உடல் முயற்சிக்கும் உடனடி விடை தருவதாகும். ஒரு விரலை மட்டும் அசைக்க வல்ல குழந்தையும் பந்தயக் கார் ஓட்டலாம், ஓவியம் தீட்டலாம். 2018இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரையும், 2023இல் சோனி நிறுவனம் ஆக்ஸஸ் கன்ட்ரோலரையும் வெளியிட்டன. பெரிய பொத்தான்களையும் வெளியிலிருந்து இணைக்கத்தக்க விசைகளையும் ஏற்கும் இவை, குழந்தையைக் கருவிக்கேற்ப வளைக்காமல் கருவியைக் குழந்தைக்கேற்ப அமைக்கும் கோட்பாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தன.

இக்கோட்பாட்டைச் சிக்கனமாகச் செயற்படுத்தும் வழியும் உண்டு. மின்கலத்தால் இயங்கும் சாதாரண நாய் பொம்மையையே எடுத்துக்கொள்வோம். இருபுறமும் செப்புத் தகடு ஒட்டிய, நடுவே மின்கடத்தாப் பொருள் கொண்ட மெல்லிய வில்லை ஒன்றை மின்கலத்திற்கும் அதன் தொடுமுனைக்கும் இடையே செருகினால் மின்னோட்டம் தடைப்படும். வில்லையின் இரு தகடுகளிலிருந்தும் கம்பிகளை வெளியே கொணர்ந்து, உள்ளங்கை அகலமுள்ள ஒரு விசையுடன் இணைத்தால், கையாலோ தலையாலோ முழங்காலாலோ அவ்விசையை அழுத்தும் குழந்தை பொம்மையை இயக்க முடியும். மின்னணுவியல் பயிலும் தொழிற்பயிற்சி நிலைய மாணவர் ஒருவர் ஆசிரியரின் மேற்பார்வையில் இதனைச் செய்துவிடலாம். வீட்டு மின்னிணைப்பில் நேரடியாக இயங்கும் பொருள்களிலும், மறுமின்னேற்றம் செய்யும் லித்தியம் கலமுள்ள பொருள்களிலும் இம்முயற்சியில் இறங்குதல் கூடாது.

மின்னணு விளையாட்டை வாங்குமுன் கேட்க வேண்டிய வினாக்கள் வருமாறு:

1. வேகத்தைக் குறைக்க இயலுமா? கால வரையறையை நீக்க இயலுமா?
2. ஒலியளவைக் குறைக்கவும் முற்றிலும் நிறுத்தவும் வசதி உண்டா?
3. தவறு செய்யும்போது கருவி எள்ளி நகையாடும் ஒலி எழுப்புகிறதா, மீண்டும் முயலுமாறு தூண்டுகிறதா?
4. வேறு விசையை இணைக்க இயலுமா?
5. கருவி பேசும் மொழி வீட்டு மொழியா?
6. விளம்பரமோ, ஆட்டத்தின் நடுவே பணம் கேட்கும் ஏற்பாடோ உண்டா?
7. இருவர் சேர்ந்து ஆட இயலுமா?

இவற்றுள் ஐந்தாம் வினா மட்டாஞ்சேரி போன்ற பன்மொழிப் பகுதிக்கு மிகவும் உரியது. பேச்சு வளர்ச்சி தாமதமான குழந்தை வீட்டில் தமிழையோ கொங்கணியையோ, பள்ளியில் மலையாளத்தையோ கேட்கிறது. பொம்மை மட்டும் அயல்நாட்டு உச்சரிப்பில் ஆங்கிலம் பேசினால் அதனால் விளையும் பயன் குறைவு. தாயின் குரலையே பதிவுசெய்து ஒலிக்கும் பொத்தான் கருவி அதைவிட மேலானது. படங்களைத் தொட்டுக் கருத்தை வெளியிட உதவும் 'ஆவாஸ்' செயலி சென்னையில் உருவாக்கப்பட்டு இந்திய மொழிகளிலும் வழங்கப்படுவது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

திரையின்முன் கழியும் நேரத்திற்கும் எல்லை வேண்டும். இரண்டு வயதிற்குட்பட்டோருக்குத் திரை வேண்டியதில்லை எனவும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகக் கூடாது எனவும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. பேச்சுக்குத் துணையாகப் பயன்படும் கருவியை இக்கணக்கில் சேர்த்துப் பறித்துவிடல் ஆகாது. அது அக்குழந்தையின் வாய். வலிப்பு நோயுள்ள குழந்தைகளுள் சிலருக்கு விரைந்து மின்னும் ஒளி வலிப்பைத் தூண்டும். ஒரு நொடிக்கு மூன்று முறைக்குமேல் மின்னும் காட்சிகளைத் தவிர்ப்பதும் மருத்துவரைக் கலந்தாலோசிப்பதும் இன்றியமையாதன.

தரமும் பாதுகாப்பும்

மத்திய அரசு 2020 பிப்ரவரியில் பிறப்பித்த விளையாட்டுப் பொருள்கள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இதன்படி 14 வயதிற்குட்பட்டோருக்கான பொருள்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருத்தல் கட்டாயமாகும். மின்சாரத்தால் இயங்கும் பொருள்களுக்கு ஐ.எஸ். 15644 என்னும் தரநிர்ணயமும், பொதுவாக விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ். 9873 வரிசைத் தரநிர்ணயங்களும் பொருந்தும். முத்திரையுடன் உள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் செயலியில் சரிபார்க்கலாம்.

கைவினைஞர்கள் தொழிலைக் காக்கும் பொருட்டு, கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் இவ்வாணையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆதலின் சன்னபட்டணத்து மரப் பொம்மையிலோ தஞ்சாவூர்ப் பொம்மையிலோ முத்திரை இல்லாதிருப்பது சட்ட மீறலாகாது. ஆயின் சாயம் உதிர்கிறதா, முனை கூர்மையாக உள்ளதா, உறுப்பு கழல்கிறதா எனச் சோதிக்கும் பொறுப்பு அங்கு வாங்குபவரைச் சேர்கிறது. வாயிலிடும் வழக்கமுள்ள குழந்தைக்காக வாங்கும்போது இப்பொறுப்பு இருமடங்காகிறது.

பொத்தான் வடிவ மின்கலம் தனி எச்சரிக்கைக்குரியது. இருபது மில்லிமீட்டர் குறுக்களவுள்ள லித்தியம் கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் கடுமையான புண்ணை உண்டாக்க வல்லது. கலம் இருக்கும் அறை திருகாணியால் மூடப்பட்டிருத்தல் வேண்டும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். விழாக்கால பலூனைப் பற்றியும் ஒரு சொல்: முதுகுத்தண்டு பிளவுக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளிடம் இயற்கை ரப்பர் ஒவ்வாமை மிகுதி. அவர்கள் உள்ள கூட்டத்தில் ரப்பர் பலூன்களைத் தவிர்க்க வேண்டும். மேற்கூறிய மணப் பைகளிலும் மிளகு, மிளகாய் போன்ற கண்ணை உறுத்தும் பொருள்களைச் சேர்க்கலாகாது.

சந்தையும் விலையும்

பொருளியல் நோக்கில் இச்சிக்கலின் வேர் தெளிவானது. சிறப்புப் பொருள்களுக்கான தேவை எண்ணிக்கையில் சிறியது, ஊர்தோறும் சிதறியது, ஒவ்வொரு குழந்தைக்கும் வேறுபட்டது. பேரளவு உற்பத்தியின் சிக்கனம் இங்கே கிட்டுவதில்லை. ஆகவே விலை உயர்கிறது. விலை உயர்வதால் தேவை மேலும் சுருங்குகிறது.

உள்நாட்டு உற்பத்தியைப் பெருக்கும் நோக்குடன் விளையாட்டுப் பொருள்கள் மீதான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. 2014–15ஆம் ஆண்டுடன் ஒப்பிடுகையில் 2022–23இல் விளையாட்டுப் பொருள் இறக்குமதி 52 விழுக்காடு குறைந்தது. ஏற்றுமதி 239 விழுக்காடு உயர்ந்தது. பொதுவாகப் பார்க்கையில் இது நற்பயனே. ஆயின் உள்நாட்டில் எவரும் உற்பத்தி செய்யாத சிறப்புப் பொருளை நாடும் பெற்றோருக்கு அவ்வரி சுமையாகவே அமைகிறது. 2025 செப்டம்பரில் மின்னணு சாராத விளையாட்டுப் பொருள்கள் மீதான சரக்கு, சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோதும், மின்னணு விளையாட்டுப் பொருள்கள் 18 விழுக்காட்டு அடுக்கிலேயே நீடித்தன. கை இயங்காத குழந்தைக்கு மின்னணுப் பொருள் ஆடம்பரமன்று என்பதை வரிக் கொள்கை வகுப்போர் தனியே கருதுதல் தகும்.

விளையாட்டு நூலகம்

விலைச் சிக்கலுக்கும், சிறு வீடுகளில் இடமின்மைக்கும் ஒருங்கே விடை தருவது விளையாட்டு நூலகம். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1935ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பொம்மைகளை இரவல் தரும் நிலையம் தொடங்கப்பட்டது. 1963இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் 'லேகோடெக்' என்னும் நிலையம் சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்கென்றே உருவாயிற்று. அங்குப் பொருளை இரவல் தருவதோடு, அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்பதையும் பெற்றோருக்குக் கற்பித்தனர்.

இதன் சிக்கனத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ரூ.3,000 விலையுள்ள கருவியைக் குழந்தை பத்து வாரம் பயன்படுத்திவிட்டு ஒதுக்கினால் வாரச் செலவு ரூ.300. அதே கருவியை நூலகம் வாங்கி, ஒவ்வொரு முறையும் மூன்று வாரத்திற்கு என மூன்றாண்டுகளில் 40 முறை இரவல் தருவதாகவும், பழுதுபார்க்க ரூ.1,000 செலவாவதாகவும் கொள்வோம். ஓர் இரவலுக்கான செலவு ரூ.100, வாரத்திற்கு ரூ.33. இன்னொரு நன்மையும் உண்டு: பொருந்தாத பொருளைத் திருப்பித் தந்து வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். மட்டாஞ்சேரிச் சிறுவனின் இசைப்பலகை அலமாரியில் ஓராண்டு தூங்கியிருக்க வேண்டியதில்லை. விரல் வலிமையுள்ள வேறொரு குழந்தையின் கைக்குச் சென்றிருக்கும்.

இதற்கெனப் புதிய துறை எதுவும் தேவையில்லை. சமக்ர சிக்ஷா திட்டத்தின் வட்டார வள மையங்களில் சிறப்புக் கல்வியாளர்கள் பணிபுரிகின்றனர். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அமைந்த மாவட்ட முன்தலையீட்டு மையங்களில் இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் உள்ளனர். கேரளத்தில் குடும்பஸ்ரீ, உள்ளாட்சி மன்றங்கள் ஆகியவற்றின் துணையுடன் 'பட்ஸ்' பள்ளிகள் 2004 முதல் இயங்குகின்றன. இவற்றில் ஓர் அலமாரியும் ஒரு பதிவேடும் வைத்தால் நூலகம் பிறந்துவிடும். கழுவித் துடைத்தல், உறுப்புகளை எண்ணிச் சரிபார்த்தல், மின்கல அறையைச் சோதித்தல் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு இரவலுக்குப் பின்னும் தவறாது செய்ய ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும்.

கொள்முதல் அலுவலருக்கு

அரசு வழியாகப் பொருள்கள் வழங்கும் ஏற்பாடு புதியதன்று. அனைத்துலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டான 1981இல் உதவிக் கருவிகள் வழங்கும் 'அடிப்' திட்டம் தொடங்கப்பட்டது. செகந்திராபாத்தில் 1984இல் நிறுவப்பெற்ற, இன்று அறிவுசார் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் என வழங்கும் அமைப்பு, அறிவுத்திறன் குறைபாடுடைய குழந்தைகளுக்கென உருவாக்கிய கற்றல் கற்பித்தல் பெட்டகங்கள் அத்திட்டத்தின்கீழ் வழங்கப்பெறுகின்றன. பெட்டகங்கள் வயது வாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பது இதன் சிறப்பு.

ஆயின் விழாக்காலப் பரிசுகளில் நாம் பெரும்பாலும் வேறு வழியைப் பின்பற்றுகிறோம். ஐம்பது குழந்தைகள் எனில் ஒரே பொம்மை ஐம்பது; குறைந்த விலைப்புள்ளி தந்தவரிடம் கொள்முதல்; மேடையில் வழங்கல்; புகைப்படம். தணிக்கைக்கு இது எளிது. ஒரே பொருளைத் தருவதால் பாகுபாடு காட்டவில்லை என்ற நிறைவும் கிட்டுகிறது. ஆயினும் பார்வையற்ற குழந்தைக்குப் படப்புதிரும், செவித்திறனற்ற குழந்தைக்குப் பாடும் பொம்மையும் இவ்வழியில்தான் சென்று சேர்கின்றன. ஒரே தொகையை ஒதுக்குவதில் சமன்மையைப் பேணி, பொருளைத் தெரிவதில் வேறுபாட்டை அனுமதிப்பதே முறையாகும். கொள்முதலுக்கு ஒரு திங்கள் முன்பாகச் சிறப்புக் கல்வியாளர் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினால் போதும்: குழந்தை எதனைச் செய்ய வல்லது, எதனை விரும்புகிறது, எதனைத் தவிர்க்க வேண்டும். அக்குறிப்புகளைக் கொண்டு பொருள்களை ஆறேழு வகைகளாகப் பகுத்து விலைப்புள்ளி கோருதல் விதிகளுக்கு முரணாகாது.

முடிவுரை

பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீட்டிற்கு வகுப்புத் தோழர்கள் சென்று பழகும் 'சங்ஙாதிக்கூட்டம்' என்னும் ஏற்பாடு கேரளத்தில் சமக்ர சிக்ஷாவின் முயற்சியால் நடைபெற்று வருகிறது. சங்ஙாதி என்பது தோழனைக் குறிக்கும் மலையாளச் சொல். விளையாட்டுப் பொருளின் இறுதிப் பயன் யாது என்பதை இவ்வேற்பாடு நினைவூட்டுகிறது. இரு குழந்தைகளை நேருக்கு நேர் அமரச் செய்து, ஒருவர் முறைக்காக மற்றவர் காத்திருக்கச் செய்யும் பொருளே சிறந்த பொருள்.

மட்டாஞ்சேரி வீட்டில் அண்ணனும் தங்கையும் சமமாக ஆடியது துணிப் பைகளைக் கொண்டு. விலையுயர்ந்த பலகை அவர்களுள் ஒருவரை ஆடுபவராகவும் மற்றவரைப் பார்ப்பவராகவும் ஆக்கிற்று. கிறிஸ்துமஸுக்கோ, தீபாவளிக்கோ, ரம்சானுக்கோ பரிசு தெரிவு செய்யும் எவரும் கடைக்குச் செல்லுமுன் அக்குழந்தையுடன் அரைமணி நேரம் தரையில் அமர்ந்து, அது எதனை எடுக்கிறது, எதனை எறிகிறது, எதற்குச் சிரிக்கிறது என்று பார்த்துவிட்டுச் செல்வாராக. செலவற்ற இவ்வாய்வே ஏனைய ஆய்வுகளுக்கெல்லாம் முற்பட்டதாகும்.